லேடீஸ் கிளப்னா சும்மா அரட்டையா? சிஸ்டர் சுப்பலட்சுமி கதையைக் கேளுங்க!

லேடீஸ் கிளப்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? தம்போலா, கிட்டி பார்ட்டி, பட்டுப்புடவை, தட்டு நிறைய சமோசா, நடுவுல யாரோ ஒருத்தரோட மருமகளைப் பத்தின பேச்சு... இதானே? சினிமாவும் மேடை நாடகமும் நமக்கு அப்படித்தான் காட்டியிருக்கு. அபார்ட்மென்ட் ஆன்ட்டிகள் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்ல போட்டுட்டுப் போற தலைமுறை நாம!

அப்படி ஒரு கிளப்பைக் கையில வெச்சுக்கிட்டு பள்ளிக்கூடமும் ஹாஸ்டலுமா கட்டிக்கிட்டே போன ஒருத்தரைப் பத்திதான் இப்போ படிக்கப்போறீங்க. அதுவும் ஒரு தடவை இல்ல. 25 வயசை ஒட்டி ஒரு கிளப், 70 வயசை நெருங்கும்போது இன்னொரு கிளப். பேரு ஆர்.எஸ்.சுப்பலட்சுமி. சென்னை அவரைக் கூப்பிட்டது 'சிஸ்டர் சுப்பலட்சுமி'ன்னு. (பாட்டு பாடின எம்.எஸ். வேற, இவர் வேற!)

அஞ்சாம் கிளாஸ் வயசில் முடிஞ்சுபோன வாழ்க்கை

1886 ஆகஸ்ட் 18-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார் சுப்பலட்சுமி. அப்பா சுப்பிரமணிய ஐயர், அரசு உத்தியோகஸ்தர். அம்மா விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவின் ரிஷியூர். ஆசாரமான பிராமணக் குடும்பம். வீட்டுக்கு மூத்த பெண்ணான இவர் படிப்பில் கெட்டி. ஒன்பது வயதில் எழுதிய நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வில், செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார்.

அடுத்து நடந்தது அந்தக் காலத்து வழக்கப்படி கல்யாணம். வயசு 11. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். இன்னிக்கு அந்த வயசுக் குழந்தைக்கு ஸ்கூல் பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலைன்னா அதுதான் பெரிய சோகம். சுப்பலட்சுமி அந்த வயசில் விதவை.

விதவைன்னா அந்தச் சமூகத்தில், அந்தக் காலத்தில் என்ன அர்த்தம்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. தலையை மழிப்பாங்க. நகை, பூ, பொட்டு எதுவும் கிடையாது. ஒரே நிறத்துல சேலை. சாப்பாடு ஒரு வேளை. கல்யாணம், வளைகாப்புன்னு எந்த விசேஷத்திலும் முன்னால வந்து நிக்கக் கூடாது. காலையில யாராவது வெளியே கிளம்பும்போது எதிர்ல வந்துட்டா அபசகுனம். வீட்டு வேலை மட்டும் எத்தனை வேணும்னாலும் செய்யலாம். சாகுற வரைக்கும் இதேதான். அறுபது வருஷம் உயிரோட இருந்தா, அறுபது வருஷமும்.

சுப்பலட்சுமியின் அப்பாவும் அம்மாவும் அந்த வாழ்க்கைக்குள் மகளைத் தள்ள மறுத்தார்கள். அதுக்குப் பதிலா படிக்க வைத்தார்கள். அந்த வீட்டில் இன்னொரு முக்கியமான ஆள் உண்டு. அம்மாவின் தங்கை வாலாம்பாள். அவரும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சித்தியும் அக்கா மகளும் ஒரே நிலைமையில் ஒரே கூரையின் கீழே. பிற்பாடு சுப்பலட்சுமி ஆரம்பித்த எல்லாத்திலும் பின்னால் நின்று தாங்கினவர் இந்தச் சித்திதான். மேடை, மெடல் எல்லாம் மகளுக்கு. அடுப்படி, கணக்கு, குழந்தைகளின் காய்ச்சல் எல்லாம் சித்திக்கு. இப்படிப்பட்டவங்களை வரலாறு ஒரு வரியில தாண்டிப் போயிடும். நீங்க தாண்டிடாதீங்க.

வீட்டில் ஆரம்பித்த படிப்பு, வேப்பேரி பிரசன்டேஷன் கான்வென்ட், அப்புறம் பிரசிடென்சி காலேஜ் என்று நீண்டது. இளம் விதவை ஒருத்தி ஆண்களோடு உட்கார்ந்து கல்லூரியில் படிக்கிறாள் என்றால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சும்மா இருக்குமா? சாதியை விட்டு விலக்கி வைப்போம் என்று மிரட்டினார்கள். தெருவில் போகும்போது சீண்டினார்கள். வகுப்பிலும் ஒதுக்கியே வைத்தார்கள். அத்தனைக்கும் நடுவில் 1911-ல் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். மெட்ராஸ் மாகாணத்தில் இப்படிப் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான்.

கான்வென்ட்டில் அவரைப் பாதித்தது பாடங்கள் மட்டுமல்ல. குடும்பம் என்று எதுவும் இல்லாமல், மொத்த வாழ்க்கையையும் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கே கொடுத்துவிட்ட கன்னியாஸ்திரிகளைத் தினமும் பார்த்தார். மதம் மாறவில்லை. ஆனால், ஒரு பெண் இப்படியும் வாழலாம் என்கிற எண்ணம் அங்கே விழுந்தது. 'சிஸ்டர்' என்கிற பட்டப்பெயர் அவருக்குப் பொருத்தமாகவே ஒட்டிக்கொண்டது.

நாலு பேரில் ஆரம்பிச்ச கணக்கு

அந்தச் சமயத்தில் அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கலாம். ஆனா, டீச்சருக்கு எங்கே போவது? ஆண் வாத்தியார் என்றால் பெற்றோர் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான பெண்ணைக் கணவன் வீட்டில் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கல்யாணம் ஆகாத வயது வந்த பெண் என்று ஒருத்தியே ஆசாரமான குடும்பங்களில் கிடையாது. மிச்சம் யார்? வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட இளம் விதவைகள்!

பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரிக்கு இந்தக் கணக்கு புரிந்திருந்தது. சுப்பலட்சுமிக்கோ அது கணக்கு அல்ல, சொந்த வாழ்க்கை. இரண்டு பேரும் கைகோத்தார்கள். எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே நாலு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு விடுதி ஆரம்பமானது. இன்னிக்கு நமக்கு எழும்பூர்னா ரயில்வே ஸ்டேஷன், நெரிசல். அன்னிக்கு அது ஊரோட நடு இல்ல, வளர்ந்துட்டு இருந்த புறநகர்.

நாலு பெண்களைச் சோறு போட்டுப் படிக்க வைத்தால் போதுமா? சுப்பலட்சுமி அங்கேதான் வித்தியாசமா யோசிச்சார். 1912-ல் 'சாரதா லேடீஸ் யூனியன்' என்று ஒரு பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார். இதுதான் நான் சொன்ன முதல் கிளப்.

அதில் என்ன நடந்தது? கேட்டா ரொம்ப சாதாரணமா இருக்கும். பெண்கள் கூடுவார்கள். யாராவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு விவாதிப்பார்கள். அவ்வளவுதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நல்ல குடும்பம்னு சொல்லப்பட்ட வீட்டுப் பெண் அன்னிக்கு வாசற்படி தாண்டுறதுக்கு மொத்தமே ரெண்டு மூணு காரணம்தான்: கோயில், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம், பிரசவத்துக்குப் பிறந்த வீடு. இதைத் தாண்டி, சும்மா உட்கார்ந்து பேசுறதுக்குன்னே ஒரு இடம் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்! ஆண்கள் இல்லாத இடம், நடத்துறது நம்மாத்துப் பொண்ணு, பேரும் சரஸ்வதி பேரு. வீட்டுக்காரர் எப்படி வேண்டாம்னு சொல்வார்?

சுப்பலட்சுமியின் சாமர்த்தியம் என்று நான் நினைப்பது இதைத்தான். பெண் கல்வி வேண்டும் என்று கோஷம் போட்டிருந்தால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். அவர் மாலை நேரத்துக் கூட்டம் போட்டார். வந்த பெண்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போகவில்லை. இளம் விதவைகளுக்கான விடுதிக்கு ஊருக்குள் ஒரு மரியாதையை இந்தச் சங்கம்தான் வாங்கிக்கொடுத்தது. தனி ஒருத்தி நடத்தினால் 'விதவைகளைக் கெடுக்கிறாள்' என்று சொல்லலாம். ஊரில் பெரிய வீட்டு மாமிகள் எல்லாம் உறுப்பினராக இருக்கும் சங்கத்தை அப்படிச் சொல்ல முடியுமா? ஒருவேளை சொன்னவரின் மனைவியே அதில் உறுப்பினராக இருந்திருக்கலாம்!

ஐஸ் வெச்ச வீட்டில் அடுத்த அத்தியாயம்

விடுதியில் பெண்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. எழும்பூர் வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு பார்த்துப் போனார்கள். சென்னையில பேச்சிலருக்கு வீடு கிடைக்காதுன்னு நாம புலம்புறோம்ல? எதிர்ல வந்தாலே அபசகுனம்னு நினைக்குற ஊரில், விதவைப் பெண்களை மட்டும் கூட்டமா வெச்சுக்கிட்டு வாடகைக்கு வீடு தேடினா எப்படி இருந்திருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

கடைசியில் அமைந்தது கடற்கரையில் வட்ட வடிவத்தில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். இப்போ விவேகானந்தர் இல்லம்னு போர்டு மாட்டியிருக்கே, அதேதான். 1842-ல் அமெரிக்க வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டியது. இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கி வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியது அந்த வீட்டில்தான். 1917-ல் அரசாங்கம் கட்டடத்தை எடுத்துக்கொள்ள, சுப்பலட்சுமியின் பெண்கள் அங்கே குடியேறினார்கள். வாசலைத் தாண்டினால் மெரினா. வாழ்நாள் முழுக்க இருட்டு அறையில் இருக்க வேண்டியவர்கள் என்று ஊர் முடிவு பண்ணியிருந்த பெண்களுக்கு, ஜன்னலைத் திறந்தால் வங்காள விரிகுடா. பக்கத்திலேயே 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி (இன்றைய ராணி மேரி கல்லூரி). பள்ளிப் படிப்பை முடித்தால் நடந்தே போய்விடலாம்.

1920-ல் பிரிட்டிஷ் அரசு இவருக்கு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது முதல் பிரின்சிபால் இவர்தான். இப்போதும் காமராஜர் சாலையில் அந்தக் கல்லூரி இருக்கிறது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாகணும். எழும்பூர் வீடும் ஐஸ் ஹவுஸ் விடுதியும் பிராமண விதவைகளுக்கானவை. வேற சாதிப் பெண் கஷ்டப்படலையா, அவளுக்கு டீச்சர் ஆகும் ஆசை இருக்காதான்னு நீங்க கேட்டா, அந்தக் கேள்வி நியாயமானது. எல்லாச் சாதிக்காரர்களின் வரிப்பணத்தில் நடக்கிற அரசு விடுதி என்கிறபோது இன்னும் நியாயமானது. கலந்து தங்குவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள் என்றால் ஆசாரமான குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதனாலேயே மறுமணம் பற்றிய பேச்சையும் அந்த விடுதி தன் கொடியாகத் தூக்கவில்லை. படிப்பு, வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டது. எந்தச் சமூகத்தின் கட்டுப்பாட்டை உடைக்க நினைத்தாரோ, அதே சமூகத்தின் கட்டுப்பாட்டில் சிலவற்றுக்கு அவர் தலையாட்டித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கதவுக்கு வெளியே நின்ற பெண்கள். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

அரசாங்கம் முடியாதுன்னா, கிளப் இருக்கு!

அரசு விடுதி என்றால் சம்பளம், உதவித்தொகை, கட்டடம் எல்லாம் உண்டு. கூடவே ரூல்ஸும் உண்டு. அதில் ஒன்று, 18 வயதைத் தாண்டிய விதவைகளுக்கு ஐஸ் ஹவுஸ் விடுதியில் இடம் இல்லை. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? 20 வயதிலோ, 25 வயதிலோ கணவனை இழந்து, கையில் ஒரு குழந்தையோடு வருகிற பெண்ணுக்கு என்ன பதில்?

அரசு ஊழியரான சுப்பலட்சுமியால் ரூலை மாற்ற முடியவில்லை. ஆனா கிளப் யாருடையது? அவருடையது! அரசாங்கம் கதவைச் சாத்தின இடத்தில் சாரதா லேடீஸ் யூனியன் இறங்கியது. சங்கத்தின் பெயரிலேயே 'சாரதா வித்யாலயா' உருவானது. 1927-ல் அது விடுதியோடு கூடிய பெண்கள் உயர்நிலைப் பள்ளி. 18-ஐத் தாண்டியவர்களும் அங்கே வரலாம், விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். 1912-ல் மாலை நேரத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த பெண்கள், 15 வருஷத்தில் ஒரு ஹைஸ்கூலின் நிர்வாகிகள். அரட்டைன்னு சொன்னீங்களே!

1938-ல் அந்தப் பள்ளியை ராமகிருஷ்ணா மிஷனிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் தி.நகரில் நடக்கிறது. தி.நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய புது புறநகர்தான். ரங்கநாதன் தெருவுக்கு பர்ச்சேஸ் போகும்போது, யூனிஃபார்மில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளை நீங்க பார்த்திருக்கலாம். ஒரு லேடீஸ் கிளப்போட பிள்ளைகள் அவங்க.

அரசுப் பணியில் இருந்துகொண்டு அரசியல் பேச முடியாது. ஆனால், குழந்தைத் திருமணம் பற்றிப் பேச இவரைவிடத் தகுதியான ஆள் யார்? திருமண வயது குறித்து விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் போய்ச் சாட்சியம் சொன்னார். 1929-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது வைத்தார்கள். 11 வயதில் மணமேடை ஏறியவருக்கு அந்த 14 எவ்வளவு பெரிய எண் என்று யோசியுங்கள்.

ரிட்டயர் ஆனா ஓய்வா? அப்படின்னா என்ன?

பணி ஓய்வுக்குப் பிறகுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1942-ல் மயிலாப்பூரில் 'ஸ்ரீவித்யா கலாநிலையம்' ஆரம்பித்தார். வயது வந்த பெண்களுக்கான பள்ளிக்கூடம். இப்போ அவர் விதவைகளை மட்டும் தேடவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, படிப்பைப் பாதியில் விட்ட பெண்களும் ஸ்லேட்டையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வரலாம். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

1954-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் தலைவர் பதவி அவரிடம் வந்தது. இது ரெண்டாவது கிளப். மற்றவர்களாக இருந்தால் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, மாலை மரியாதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவருக்குத்தான் கிளப்னாலே பள்ளிக்கூடம்னு பழகிப்போச்சே! மயிலாப்பூர் லேடீஸ் கிளப் ஸ்கூல் சொசைட்டி என்று ஒன்றை அமைத்தார். அதிலிருந்து 1956-ல் வந்ததுதான் வித்யா மந்திர். ஆமாங்க, சென்னைப் பெற்றோர் அட்மிஷனுக்காகத் தவம் கிடக்கும் அதே மயிலாப்பூர் வித்யா மந்திர். அதன் வேர் ஒரு லேடீஸ் கிளப்பில் இருக்கிறது என்பது, அங்கே படிச்ச உங்க ஃப்ரெண்டுக்கே தெரியுதான்னு கேட்டுப் பாருங்க.

அதே காலகட்டத்தில், தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் ஒன்றும் உருவாக இவர் காரணமானார். இன்னிக்கு மாடம்பாக்கம்னா தாம்பரம் மாநகராட்சி எல்லை, அபார்ட்மென்ட் விளம்பரம், ஷேர் ஆட்டோ. அன்னிக்கு தேனுபுரீஸ்வரர் கோயிலும் வயலும் ஏரியும்தான். எழும்பூரில் ஒரு சாதிப் பெண்களோடு ஆரம்பித்தவர், கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துத் தாய்மார்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். தன் ஆரம்பகால விடுதி விதிகளைப் பற்றி அவர் பின்னாளில் என்ன நினைத்தாரோ, இந்தப் பயணத்தை ஒரு பதிலாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

1958-ல் பத்மஸ்ரீ. 1966-ல் மோனிகா ஃபெல்டன் என்கிற ஆங்கிலேய எழுத்தாளர் இவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். குழந்தை விதவை ஒருத்தியின் கதை என்பதுதான் அதன் தலைப்பு. இந்த ஃபெல்டன் லண்டன் பக்கத்தில் ஸ்டீவனேஜ் என்ற புது நகரத்தை உருவாக்கும் வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். வேலை போய், வாழ்க்கை திரும்பி, சென்னைக்கு வந்து சேர்ந்தவர். ராஜாஜியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புறநகரைக் கட்டின ஒரு பெண், புறநகரில் பள்ளி கட்டின இன்னொரு பெண்ணின் கதையை எழுதியது தற்செயல்தான். ஆனா அழகான தற்செயல்!

1969 டிசம்பர் 20. அன்று வைகுண்ட ஏகாதசி. ஊரெல்லாம் சொர்க்கவாசல் திறப்புக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் சிஸ்டர் சுப்பலட்சுமி கண்மூடினார். வயது 83. அதில் 70 வருஷத்துக்கும் மேல் விதவையாக வாழ்ந்திருக்கிறார். ஐஸ் ஹவுஸில் அவரிடம் படித்துப் போன பெண்கள் மாகாணத்தின் பல ஊர்ப் பள்ளிகளில் டீச்சர்களாக இருந்தார்கள். உங்க கொள்ளுப்பாட்டிக்கு 'அ' எழுதக் கத்துக்கொடுத்த டீச்சர் அவங்கள்ல ஒருத்தரா இருக்கவும் வாய்ப்பு உண்டு.